பார்வை

மரத்தில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
முதலில் பார்க்க வேண்டும்.
அது ஓடும் திசையில் அலகு.
குறுக்கே வைத்தால் உடையும்.
எனக்கு இரண்டு முறை உடைந்தது.

கட்டை, கீழ்க்கடை முஃபிசுல் கொடுத்தது.
ஏதோ இயந்திரம் வந்திறங்கிய பலகையடுக்கு,
பைன் மரம், பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரை,
எந்தத் துறைமுகமோ, பாதி எழுத்து.
"என்ன செய்யப் போறீங்க மேடம்?"
"வாத்து."
ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
பிறகு முதுகின் வளைவை அவனே அறுத்துக் கொடுத்தான்,
காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னால்,
அல் குவைர் இன்னும் தூங்கும் நேரம்
பால்கனி எனக்கு.
ஏசி வெளிப்பெட்டியின் மேல் செய்தித்தாள்,
அரம், உளி, ஒரு பழைய பழக்கத்தி.
"தூள் உள்ளே வருது" என்பார் ஜக்கரியா.
வரும்தான்.
ரசப்பொடி டப்பாவில்கூட ஒருநாள் வந்தது.

மார்பில் ஒரு கணு.
எவ்வளவு செதுக்கினாலும் அந்த இடம் மட்டும்
தான் கிளையாக இருந்ததை மறக்கவில்லை.
இரண்டு பூச்சு வெள்ளை அடித்தும்
பிசின் மஞ்சளாய் எட்டிப் பார்த்தது.
விட்டுவிட்டேன்.
பறவைக்கும் ஒரு மச்சம் இருக்கட்டும்.

வாரத்தில் ஐந்து நாள் நான் தண்ணீர் சோதிப்பவள்.
அன்சபில், நகரம் கழுவிவிட்டதெல்லாம்
வடிந்து தெளிந்து குளமாய் நிற்கும் இடத்தில்
குப்பியில் மொண்டு, எண் ஒட்டி,
உப்பும் கிருமியும் பார்ப்பவள்.
நவம்பரில் குப்பியை நீட்டினால்
எதிர்க்கரையில் கிளுவைகள்.
எங்கிருந்தோ பனியை விட்டு வந்து
மஸ்கட் குளித்த தண்ணீரில்
தலைகீழாய் நின்று மேயும்.
என் அறிக்கையில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது.

ஆண் கிளுவைக்குத் தலை செங்காவி,
கண்ணிலிருந்து பிடரிவரை ஒரு பச்சை வீச்சு.
கார் கீறலுக்குப் பூசும் குப்பி போதுமென்று நினைத்தேன்.
மினுங்கியது.
மினுங்கினால் பறவை நம்பாதாம்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றேன்.
விலாவில் சாம்பல் வரிகள், மயிரிழை மயிரிழையாய்,
தூரிகை கைவிட்டது.
நஸ்ரீனின் பழைய பேன்சீப்பை ஈரச் சாயத்தில்
லேசாய் நடுக்கி இழுத்தேன்.
அச்சு அசல் இறகு.
மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வாளியில் விட்டேன்.
இடப்பக்கம் சாய்ந்தது,
காது மந்தமானவர் பேச்சைக் கேட்பதுபோல.
டயர் கடை வாசலில் பொறுக்கிய ஈயத்துண்டுகளை
அடிவயிற்றில் ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
ஆறாவதில் நிமிர்ந்தது.

கண் கடைசி.
இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க
அந்நாள் வேட்டுவர் கட்டிவைத்த விலங்குக்குப்
பார்வை என்றே பெயர்.
பார்வை மான். பார்வைப் பறவை.
நான் எதையும் பிடிக்கப் போவதில்லை.
ஆனாலும் அறுந்த கருகமணிச் சரத்திலிருந்து
இரண்டு மணியை எடுத்துப் பசை தொட்டு ஊன்றியதும்
கட்டை என்னைப் பார்த்தது.
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்
தேநீர் போடப் போனேன்.

காவலர் கல்ஃபான் என் கைப்பையைக் காட்டி
"துப்பாக்கி இல்லையே?" என்றார்.
நாணல் ஓரம், மூன்று முழக் கயிறு, ஒரு செங்கல்.
காற்றுக்கு அது முகம் திருப்பிய விதத்தில்
எனக்கே உடம்பு சிலிர்த்தது.
கிளுவை ஒன்றும் பக்கத்தில் வரவில்லை.
ஒரு நாமக்கோழி மட்டும் வந்து
வாலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

ஜனவரியில் பறவை எண்ண வந்தார்கள்.
தொலைநோக்கி, தொப்பி, கிசுகிசுப்பு.
போகும்போது வாயிலில் ஒட்டிய தாளில் படித்தேன்:
பூநாரை 19. ஊசிவால் 43. கிளுவை 212.
இருநூற்றுப் பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
கல்ஃபான் உதட்டில் விரல் வைத்தார்.

மார்ச் கடைசியில் மறுபடி வந்தார்கள்.
குளம் ஆளில்லாமல் வெந்துகொண்டிருந்தது.
அன்று காலைதான் என் ஒப்பந்தத்தில்
இன்னும் இரண்டாண்டுக்கு முத்திரை விழுந்திருந்தது.
தாளில் ஒரே வரி.
கிளுவை 1. ஆண்.
பறக்கவில்லை. காயமோ?