பதிமூன்றுக்கு மூன்று

வெயில் ஏறுவதற்குள் ஒரே ஒரு ஆட்டம் என்றுதான்
ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிக்கிறோம்.
குருசுக்குப்பம், தூங்குமூஞ்சி மரத்தடி,
பொடிச்சரளைத் தரை,
ஆளுக்கு இரண்டு இரும்புக்குண்டு.

சின்ன மர உருண்டையை முதலில் வீச வேண்டும்.
யார் குண்டு அதனருகே போய் நிற்கிறதோ
அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் பெத்தாங்க்.
உருண்டைக்குப் பிரெஞ்சில்
பன்றிக்குட்டி என்று பெயராம்.
வைத்தவன் எங்களைப் பார்த்திருக்கிறான்.

எறிவதற்கு முன் கஸ்மீர் காற்றுப் பார்ப்பார்.
விரலை நக்கி உயர்த்திப் பிடிப்பார்.
முக்கால் கிலோ இரும்பைக்
கடற்காற்று என்ன செய்துவிடும் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பல் டாக்டர் கலாவல்லி குந்தி உட்கார்ந்து
ஒற்றைக் கண்ணை மூடி
கடைவாய்ப் பல்லில் வேரைத் தேடுவதுபோல் வெகுநேரம் தேடி
நேராகச் சாக்கடையில் போடுவார்.
அதை எடுக்கவே
முனையில் காந்தம் கட்டிய கம்பி ஒன்று
மரப்பொந்தில் இருக்கிறது,
அணியின் ஒரே சொத்து.

நான் மின்துறை, பில் பிரிவு.
ஐம்பது பைசா இடித்தால் அங்கே
எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.
இங்கே ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்தாலும்
‘கிட்டத்துல வந்துச்சு சார்’ என்கிறார்கள்.
அளக்க டேப் வாங்கினோம்.
டேப் பிரிக்கும் அளவுக்கு
யாரும் நெருங்கியதில்லை.
செருப்பால்தான் அளக்கிறோம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று
ஆறுதல் சொல்ல வந்தார் ஒருவர்.
நாங்கள் ஆனையில்லையே ஐயா,
சறுக்குவதற்கென்றே
பஸ் பிடித்து வருகிறோம்.

போன வாரம்தான் அந்த விபத்து.
நான் விட்ட குண்டு வேரில் இடறி எகிறி
எதிரணிக் குண்டைத் தூக்கி அடித்துவிட்டு
பன்றிக்குட்டியின் கன்னத்தில்
கன்னம் வைத்து நின்றது.
குருவி உட்காரப் பனம்பழம்.
பக்கத்து ஆட்டத்தில்
தொப்பியும் துடைக்கும் துணியுமாய் ஆடுகிற
நிஜமான ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
‘எங்க சார் கத்துக்கிட்டீங்க?’

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.
மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன்.
நான்காம் தடவை அவளே சொல்லி முடித்தாள்.
ஆபீசில் ஸ்டேப்ளரை உள்ளங்கையில் கவிழ்த்து
மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தேன்.
கலாவல்லி என்னை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இன்று எறியும்போது மரத்தடியே மௌனம்.
தொப்பிக்காரர் ஒருவர் போனில் படம் வேறு எடுத்தார்.
குண்டு போனது,
போனது,
டீக்கடை பெஞ்சடியில் நின்றது.
அங்கே படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்து
இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டது.

‘அட, நீ திரும்பி வந்துட்டியா’ என்றார் கலாவல்லி.

பதிமூன்றுக்கு மூன்று.
அதில் ஒன்று அவர்கள் எண்ணியதில் பிழை;
நாங்கள் திருத்தப் போகவில்லை.
தோற்றவர் செலவில் எட்டு டீ, பத்து போண்டா.
தோள்பட்டையிலிருந்து எதையோ
இறக்கி வைத்தாற்போல் இருந்தது எனக்கு.

கஸ்மீர் போண்டாவைப் பிட்டு
ஆவியை ஊதிக்கொண்டே சொன்னார்,
‘காத்துதான் கெடுத்துடுச்சு.’

தூங்குமூஞ்சி மரத்தில்
ஓர் இலைகூட அசையவில்லை.