எட்டாம் மாடி

ஏற ஏற வாடகை இறங்கும்.
யாங்கோன் கணக்கு அது.
லிஃப்ட் இல்லை. நூற்று முப்பத்தாறு படி.
கீழ்த்தளத்துக் கைப்பேசிக் கடைக்காரர்
ஊ தான் நாய்ங் ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் காசில்
நாங்கள் எட்டாவதில் ஒரு வருஷம் கிடக்கலாம்.

பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு,
நுனியில் கிளிப், தலைமாட்டில் மணி.
எல்லா வீட்டுக்கும் உண்டு. எங்களதுதான் நீளம்.
கீரைக்காரி கவ்வவிட்டு மணியடித்தால்
வேம்புலி கை மாற்றிக் கை இழுப்பார்.
ஏழு ஜன்னலும் பார்த்து முடித்த பிறகுதான்
என் முருங்கைக்கீரை என்னிடம் வரும்.
கருவாடு வாங்கும் நாளில்
நானே இறங்கிப் போய்விடுவேன்.

தண்ணீர் வேறு கணக்கு.
கரண்ட் வரும் நாலு மணி நேரம்தான் மோட்டார்.
ஐந்தாம் மாடியில் துணி அலசும் சத்தம் கேட்டால்
இன்றைக்குக் குளியல் இல்லையென்று
பிள்ளையிடம் சொல்லிவிடலாம்.

மூன்றாவதில் நம்மவர்கள்.
கதவுப் பலகையில் தோ மியா மியா வின்.
காளி கோயில் அர்ச்சனைச் சீட்டில் மீனலோசனி.
அங்கே பார்த்தால் சிரிப்பாள்.
படிக்கட்டில் பார்த்தால்
சாப்பிட்டாச்சா என்பதையும் பர்மியத்தில் கேட்பாள்,
பதிலுக்கு நிற்கமாட்டாள்.
அவர்கள் அட்டை இளஞ்சிவப்பு.
எங்களது இன்னும் பச்சை.

அன்று மத்தியானம் நிலம் ஆடியது.
முதலில் மணி அடித்தது, எல்லா வீட்டு மணியும்.
யாரப்பா இந்நேரத்தில் என்று எட்டிப் பார்த்தேன்,
கயிறுகள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.
வழியெல்லாம் பூட்ட மறந்த கதவுகள்.
பதினோரு வருஷத்தில் அன்றுதான்
அந்த வீடுகளின் உள்ளே பார்க்கிறேன்.
ஏழாவதில் பாயும் புத்தரும்.
ஐந்தாவதில் தைக்காத ஜாக்கெட் துணி மலை.
நான்காவதில் சுவர் நீளத்துக்கு மீன் தொட்டி,
தளும்பித் தளும்பி வாசல்வரை வழிந்தது.
உயிர் போகிற நேரத்திலும் நினைத்தேன்:
இவ்வளவு தண்ணீரா, மீனுக்கு!

தெருவில் எல்லார் காலும் வெறுங்கால்.
மீனலோசனி என் முழங்கையைப் பிடித்து
"ஐயோ, விழுந்துடுமா? விழுந்துடுமா?" என்றாள்.
அப்படியொரு சுத்தமான தமிழ்.
"விழாது, அக்கா" என்றேன்.
எனக்கென்ன தெரியும்.

சாயங்காலம் அவரவர் மாடிக்கு ஏறினோம்.
அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது
எனக்கு இன்னும் பாதிக்கு மேல் படி பாக்கி.

மறுவாரம் படிக்கட்டில் பர்மியம் திரும்பியது.
சுவரில் ஒரு விரிசல், பல்லி அளவு.
உயரத்துக்கு யாரும் வரமாட்டேன் என்கிறார்களாம்.
வீட்டுக்காரர் வாடகையில் இருபதாயிரம் கியாட் குறைத்தார்.

வேம்புலி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:
இதேபோல் இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடினால்
கடனை அடைத்துவிடலாம்.