மே மாதக் கடிதம், ஐந்தாம் வகுப்பு

பெற்றோருக்கு,
வழக்கம்போல் ஒரு பக்கத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இந்த மாதம் பின்னங்கள்.
உருளைக்கிழங்கில் தொடங்கினோம்.
சிலோயே தீவில் வேறெதில் தொடங்க?
ஊதாத் தோல், கறுப்புத் தோல்,
மடக்கிய விரல்போல் ஒன்று.
அரை, கால், அரைக்கால்.
வீசத்துக்கு வந்தபோது கத்தி வழுக்கியது
(யாரிட்சாவின் கட்டைவிரல் ஆறிவிட்டது,
கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி).
கீழே எண் பெருக்கப் பெருக்க
மேலே துண்டு ஏன் சிறுக்கிறது
என்று மைக்கோல் கோபப்பட்டான்.
ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில்
ஐந்தாவது அவன்.
கணக்கு அவனுக்குத் தெரிந்ததுதான்,
கோபம்தான் புதிது.
வெட்டியதையெல்லாம் கணப்பில் சுட்டுத் தின்றோம்.
திருத்துவதற்கு எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இருபத்தொன்றாம் தேதி கடற்படை நாள்.
அட்டையில் இரண்டு கப்பல்.
மூழ்கப்போகும் கப்பலில்
பன்னிரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.
ஜெயிக்கும் கப்பலுக்கு ஆள் இல்லை.
கடைசியில் சமையலறையிலிருந்து
குளோரிண்டா மாவுக் கையோடு வந்து
தனியாளாய் எங்களை மூழ்கடித்தார்.
கைதட்டல் அவருக்குத்தான் அதிகம்.

விறகுக்காக நடத்திய பிங்கோவில்
முதல் பரிசு ஆட்டுக்குட்டி.
வென்றவர் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார்.
மறுபடி குலுக்கினோம்.
மறுபடி அவருக்கே விழுந்தது.
ஆடு இப்போது அவர் வீட்டில்,
விறகு இரண்டு வண்டி, பாதி ஈரம்.

இனி, நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்ட விஷயம்.

அறிவியலுக்கு மழை அளக்கிறோம்.
வாயும் வயிறும் ஒரே அகலமான ஒரு கண்ணாடி ஜாடி,
ஒட்டிய அளவுகோல்,
பொறுப்பு ஆன்செல்மோ நாவுட்டோ.
ஏப்ரலில் ஒரு வார்த்தை பேசாத பையன்
மே மாதம் முழுக்க எண்களாகப் பேசினான்:
பதினேழு. நாலு. இருபத்திரண்டு.

இருபத்தேழாம் தேதி, பத்து நாற்பதுக்குச் சங்கு.
கடல் பொங்கினால் ஓடும் பயிற்சி.
பையை விடு, காலணி தேடாதே, திரும்பாதே.
மேட்டுக் கல்லறைத் தோட்டம்வரை
ஒன்பது நிமிடம்.
நாங்கள் பதினொன்று இருபது.
நகராட்சி அதிகாரி குடைக்குள் நின்று
தோல்வி என்று எழுதினார்.
அந்தச் சொல் மட்டும் நனையவில்லை.

கடைசியாக வந்தவன் ஆன்செல்மோ,
இரண்டு கையிலும் ஜாடி,
மூடி இல்லாமல்,
சிந்தாமல்,
தூங்கும் குழந்தையைத் தூக்கி வருகிற நடை.

கத்தினேன். மறைக்கவில்லை.
மழையில் பாதிதான் கேட்கும் என்று
இரண்டு மடங்காகக் கத்தினேன்.
அவன் அமைதியாகச் சொன்னான்:
கடல் வந்திருந்தால்
பள்ளிக்கூடத்து மழை கடலோடு கலந்திருக்கும், மிஸ்.
அப்புறம் பிரிக்க முடியாது.

யாரோ எட்டிப் பார்த்தார்கள்.
புறப்படும்போது முப்பத்தொன்று.
இப்போது முப்பத்து மூன்று.
அவ்வளவுதான், பன்னிரண்டு பேரும்
கடலை மறந்தார்கள், என்னையும்.
கூடின இரண்டு எந்த இடத்து மழை?
பள்ளியுடையதா, மேட்டுடையதா?
பாதி பாதி என்றாள் மில்லாராய்.
வழியிலும் பெய்ததே,
அடிக்கு அடி பங்கு பிரி என்றான் மைக்கோல்,
அந்தக் கணத்தில் வகுக்கக் கற்றவன்போல.
அதிகாரி குடையைச் சாய்த்து
இருபது நொடி கேட்டுக்கொண்டிருந்தார்.
எழுதியதை அடிக்கவில்லை.

அவர் செய்தது சரி.
நான் கத்தியதும் சரி.
ஜாடியைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியாயிற்று.
ஜூன் பன்னிரண்டில் மறுபடி ஓடுவோம்,
வெறுங்கையோடு.

சுவரில் உள்ள அட்டவணையில்
இருபத்தேழுக்கு நேரே மையில் 31.
பக்கத்தில் பென்சிலில், சின்னதாக, ஒரு 2.
எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லாமல்
கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது.
அழிக்க ரப்பர் எடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.

ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது.
படகில் போகிற பிள்ளைகளுக்குக் கைவிளக்கு கொடுங்கள்.
எல்லோருக்கும் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி,
பெயர் தைத்து.
போன மாதம் மிஞ்சியவை ஏழு,
எல்லாம் இடது கால்.

கில்யெர்மினா பார்ரியா
வகுப்பாசிரியை