பதினோரு பெயர்கள்

காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய தாளில்
பதினோரு பெயர்கள்.
மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம்
பனி தள்ளும் லாரியை மறைத்து நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கின் மேல் தாளை விரித்தேன்.
ஹான்காக் சின்ன ஊர்.
ஆரஞ்சு நிற லாரி எந்த வாசலில் நின்றது என்பது
பாலத்துக்கு அந்தப்பக்கம் வரை போய்விடும்.

முதல் எண்ணை எடுத்தவள்
"எத்தனை பீட்சா?" என்றாள்.
மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.
ஒன்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.
இரண்டாமவர் அரிசோனாவுக்குப் போய் மூன்று வருடம்.
அடுத்தவர் குழந்தைகளை மட்டும்தான் பார்ப்பாராம்.
எனக்கு ஐம்பத்திரண்டு.
நான்காமவர் இறந்துவிட்டார்.
அதைச் சொன்ன அவர் மனைவிக்கு
யாரிடமாவது பேச வேண்டியிருந்தது.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
மடியில் கிழங்கு பாஸ்டி ஆறிப் போனது.
"அது சரி, நீங்கள் எதற்கு அழைத்தீர்கள்?"
"தவறான எண்" என்றேன்.

ஐந்திலும் ஆறிலும் பதிவு செய்த குரல்:
அவசர நிலை என்றால் உடனே வேறு எண்ணை அழையுங்கள்.
அவசரமா?
நவம்பரில் சவரம் செய்வதை விட்டேன்.
டிசம்பரில் சவுனாவுக்கு விறகு வைப்பதை.
ஜனவரியில் நாய்
வார்ப்பட்டையைக் கவ்வியபடி கதவருகே நின்று நின்று
தானே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.
இதில் எந்த இடத்தில் சைரன் ஊத வேண்டும்?

ஏழாவது பெயரைப் பார்த்ததும்
தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.
ஐலீன் வுகோவிச்.
குவின்சி மேட்டில் பச்சைக் கதவு வீடு.
போன வருடம் அவள் தபால்பெட்டியைச் சாய்த்தது நான்தான்.
கலப்பை என்றுதான் அதற்கும் பெயர்.
உழாது, விதைக்காது,
எதிரில் இருப்பதை ஒதுக்கித் தள்ளும்.
கவுன்ட்டி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.
மரியாதையான கடிதம்.
மேலதிகாரி சத்தமாக வாசித்துக் காட்டினார்.

எட்டு, ஒன்பது, பத்து:
இடமில்லை, இடமில்லை, ஜூனில் பார்க்கலாம்.
பதினொன்று நூறு மைல் தள்ளி மார்க்கெட்டில்.
எனக்கு அன்றைக்கெல்லாம்
படுக்கைக்கும் குளியலறைக்கும் இடையில் இருந்ததே
அவ்வளவு தூரம்.

மூன்று நாள் கழித்து ஏழாவதை அழைத்தேன்.
அவளே எடுத்தாள்.
ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.
"உங்கள் தபால்பெட்டியை இடித்தவன்" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"முதல் பெட்டியா, இரண்டாவதா?"

இரண்டாவது ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு
நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.
செவ்வாய் காலை ஏழு மணி, ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார், வருகிறீர்களா?
ஏன் நிறுத்தினார் என்று கேட்கவில்லை.
நல்லவிதமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

திங்கள் இரவு பதினான்கு அங்குலம் கொட்டியது.
அவள் அறைக்குப் போகும் தெருவை
நானே தள்ளித் திறந்து நானே போக வேண்டியதாயிற்று.
ஹார்ட்வேர் கடைக்கு மேல் மாடி.
இரண்டு நாற்காலிகள்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டியில்
விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் இருந்தது.

எங்கிருந்து தொடங்கலாம் என்றாள்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன்:
பனியைத் தள்ளுவது பெரிய வேலையில்லை.
மார்ச் வரும்போது
தள்ளியதைப் போட இடமிருக்காது.
அவள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

கூரையில் மஞ்சள் வெளிச்சம்
வந்து வந்து போனது.
கீழே, கடை வாசலில், நடுத்தெருவில்
லாரியின் சுழல்விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.
போய் அணைத்துவிட்டு வரட்டுமா என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள்.