214-பி

வேப்பனப்பள்ளிக் குவாரியிலிருந்து வந்த கல்.
சிவப்புப் பெயிண்டில் 214 என்று எழுதியிருந்தது.
இரண்டாக அறுத்ததில் ஏ கப்பலேறி
ஏதோ ஒரு குளிர்தேசத்தில்
செத்தவர் ஒருவரின் தலைமாட்டில் நிற்கிறது.
பி-யில் வெள்ளை நரம்பு ஓடிற்று.
ஏற்றுமதிக்கு ஆகாது என்று
சூப்பர்வைசர் சாக்பீஸால் பெருக்கல்குறி போட்டார்.
ஆறு மாதம், பர்கூர் சாலைப் பட்டறையில்,
நானும் முனிரத்தினமும் அதன்மேல்தான் சாப்பிட்டோம்.

ஒருநாள் ஊறுகாய் டப்பா கவிழ்ந்து
எண்ணெய் கல்லுக்குள் இறங்கிவிட்டது.
மண்ணெண்ணெய், சோப்புத்தூள், ஆசிட்,
எதற்கும் மசியவில்லை.
எண்ணெய் குடித்த கல் திரும்பாது.
தொழிலில் முதல் பாடம் இது,
சம்பளத்தில் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

விலை குறைவு என்பதால்
பி எங்கள் ஊருக்கு வந்தது. வேறு காரணமில்லை.
சங்கீதத்தில் தள்ளப்பட்ட கல்லைப் பற்றி வரும்போது
ஊரே திரும்பி என்னைப் பார்க்கும்,
நான் கூரையைப் பார்ப்பேன்.

அதற்குமுன் இரண்டு வருஷம், பழைய கோயிலை இடித்தபின்,
மாங்கூழ் ஆலையின் காலி ஷெட்டில் பூசை கண்டோம்.
நீல டிரம், அதன்மேல் விரிப்பு, அதன்மேல் கிண்ணம்.
எழுந்தேற்றத்தின்போது
தோத்தாபுரி வாசனைக்கு வந்த ஈக்கள் பறக்கும்.
அங்கும் அவர் வந்தார், எனக்குச் சந்தேகமில்லை.
ஆனால் பூசை முடிந்ததும் டிரம் மறுபடி டிரம் ஆனது,
திங்கட்கிழமை அதில் கூழ் ஊற்றினார்கள்.
பிலோமி சொன்னாள்:
"வாடகை வீட்டுல ஆணி அடிக்க முடியாத மாதிரி இருக்கு."

அர்ச்சிப்பு நாளில் ஆயர்
மேலங்கியைக் கழற்றினார், கையை மடித்துவிட்டார்,
பந்தியில் பரிமாறுகிறவர்போல
இடுப்பில் ஒரு வெள்ளைத்துணி கட்டிக்கொண்டார்.
கல்லின் நடுவில் தைலத்தை ஊற்றினார்.
பிறகு நான்கு மூலையிலும்.
எனக்குப் பதறியது.
ஒன்பது தடவை பட்டை மாற்றி ஏற்றிய பளபளப்பு அது.
அவரோ உள்ளங்கையால் தேய்க்கிறார்,
அவசரமே இல்லாமல்.
ஒரு மூலை விட்டுப்போனது,
திரும்பி வந்து அதையும் தேய்த்தார்.

கல் கருத்தது.
வலது ஓரத்தில், ஒன்பது பட்டைக்கும் போகாத
என் ஊறுகாய்க் கறையின்மேல்
ஆயரின் கை போய்வந்தது.
பங்குத்தந்தை இஞ்ஞாசிக்கு அது தெரியாது,
ஆயருக்குத் தெரியாது.
எந்தக் கருப்பு எதனுடையது என்று
இப்போது எனக்கே தெரியவில்லை.

பிறகு பீடத்தின்மேல் சாம்பிராணி புகைந்தது,
சுவரில் பன்னிரண்டு இடத்தில் தைலச்சிலுவை,
ஒவ்வொரு விளக்காக ஏற்றினார்கள்,
பிலோமி அழுதுகொண்டே பாடினாள்.
நான் பாடவில்லை.
பதினோரு வயதில், இதே வாசனைத் தைலத்தை
வேறொரு ஆயர் பெருவிரலால்
என் நெற்றியில் இழுத்தது நினைவுக்கு வந்தது.
கோடை வெயில், பஸ்ஸில் நெரிசல்,
வீடு போய்ச்சேர்வதற்குள்
வேர்வையில் கரைந்துவிட்டது என்றுதான்
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மறுநாள் கிரேன் சங்கிலியை எடுத்துப்போக
முனிரத்தினம் வந்தான்.
வாசலில் செருப்பைக் கழற்றினான்.
தான் கால்நீட்டிப் படுத்த கல்லை
எட்டநின்று பார்த்தான்.
"இனிமே தொடலாமாடா?"
நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் நான்,
இதற்குப் பதில் தெரியவில்லை.
பேழையருகில் சிவப்பு விளக்கு எரிந்தது.
உள்ளே வேறு யாருமில்லை,
ஆனாலும் இருவரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம்.

"நம்பர அழிச்சிட்டியா?"
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
பீடத்தின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில்,
சிவப்புப் பெயிண்டும் சாக்பீஸ் பெருக்கல்குறியும்
அப்படியே இருக்கின்றன.
தைலம் அவ்வளவு தூரம் இறங்கியிருக்குமா
என்று கேட்டான் அவன்.
பார்த்துவிடலாம் என்று
இரண்டு பேரும் முழங்காலில் இறங்கினோம்.