முந்நூறு மில்லிவினாடி

ராத்திரி இரண்டேகால். ஆனிக் காற்று
ஆரல்வாய்மொழிக் கணவாயில் தலைதெறிக்க ஓடுகிறது.
வெளியே நாற்பத்தேழு காற்றாலைகள்.
உள்ளே அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும் பொறியை
நிறுத்தாமல் வீடு மாற்ற வேண்டும்.

பொறி என்றால் இரும்பில்லை,
இரும்புபோல நடிக்கும் நிரல்.
அதற்கொரு கடிகாரம், ஒரு வட்டு, ஒரு வலையட்டை,
எல்லாம் பாவனை.
பாவனைக் கடிகாரமானாலும் நேரம் தப்பக் கூடாது.

பழைய சர்வர் தொண்டை கட்டி இரைகிறது.
புதியது பக்கத்து ரேக்கில், ஒட்டுத்தாள்கூட உரியாமல்.
நினைவுப் பக்கங்கள் முதலில் போகும்;
போன பிறகு எழுதப்பட்டவை மறுபடி போகும்,
சாரலில் ஜீப்பின் கண்ணாடியைத் துடைப்பதுபோல,
துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.
கடைசியில் ஒரு நிறுத்தம். முந்நூறு மில்லிவினாடி.
அதற்குள் சாதனங்களின் நிலை கடந்தாக வேண்டும்:
எது எங்கே நின்றது, எது பாதியில் கிடந்தது.

போன வாரத்து ஒத்திகையில் எல்லாம் சுமுகமாகக் கடந்தது.
ஒரு பிழைச்செய்தியும் இல்லை.
பதினோராம் காற்றாலை மட்டும்
நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்றது.
"வேய், அது இந்நேரம் கொழும்புக்குப் போயிருக்கும்"
என்று சிரித்தான் சுனிஷ். பிறகு சிரிக்கவில்லை.
கடிகாரத்தின் நிலையில், நடுவில்,
நாலு பைட் சேர்த்தவன் அவன்தான், போன கார்த்திகையில்.
புதிய நிரலில் சேர்த்தான், பதிப்பெண்ணைத் தொடவில்லை.
இரு கரையிலும் மூன்று என்றே எழுதியிருந்தது.
மூன்றை மூன்றென்று நம்பி வாசித்ததில்
ஒன்றின் வால் அடுத்ததின் தலையாயிற்று.

நாலாக்கினோம்.
மூன்று வந்தால் அந்த நாலு பைட்டைத் தேடாதே,
பூஜ்யமென்று வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தோம்.
பழையதிலிருந்து புதியதற்கு வழி திறந்தது.
டெல்பின் மட்டும் திருப்தியாகவில்லை:
"செரி, புதுசு நாளைக்குப் படுத்துட்டா?
திரும்பிப் போக வேண்டாமா?"
பழையதற்கு நாலென்றால் என்னவென்றே தெரியாது.

என் வீட்டு ஆதாரத்தில் கொல்லம் ஆண்டு 1107 என்றிருக்கிறது.
தக்கலையில் பத்திரம் எழுதுகிறவர் நிமிராமலே சொன்னார்:
எண்ணூற்று இருபத்தஞ்சு கூட்டணும்,
ஆவணிக்கும் மார்கழிப் பாதிக்கும் இடையிலென்றால்
ஒண்ணு குறைக்கணும்.
ஐம்பத்தாறில் இந்த மாவட்டமே
ஓடிக்கொண்டிருக்கும்போதே
ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று.
வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இந்தப் பக்கம் இருக்கும்வரை
1107 செல்லும்.
ஆனால் அவர் கணக்கு ஒருவழிதான்.
டெல்பின் கேட்டது மறுவழி.

எனவே மறுபடி மூன்று.
அந்த நாலு பைட்டைப் பிரித்தெடுத்து
ஒரு துண்டுச்சீட்டாகப் பின்னால் ஒட்டினோம்.
அதில் பூஜ்யம் தவிர வேறேதாவது இருந்தால் மட்டுமே
சீட்டு போகும்; இல்லாவிட்டால் ஒட்டவே வேண்டாம்.
பெரும்பாலான ராத்திரிகளில் அது பூஜ்யம்தான்.
சீட்டில்லாமல் திருப்பி அனுப்பினோம், பழையது ஏற்றது.
வேண்டுமென்றே சீட்டோடு அனுப்பினோம்.
"அறியாத பகுதி. ஏற்க இயலாது."

அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன்.
புரியாமல் தலையாட்டிய ஒன்று
பதினோராம் காற்றாலையைப் பறக்கவிட்டது.
இது வாசலிலேயே நின்று சொல்லிவிட்டது.
அனுப்பிய பக்கம் பொறி அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு சுற்றும் விடுபடாமல்.

மூன்று நாற்பதுக்கு நிஜமாகவே அனுப்பினோம்.
சுனிஷ் ஆறிப்போன ஏத்தம்பழ பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி நின்றான்.
முப்பந்தல் இருட்டில் சிவப்பு விளக்குகள் எரிந்தன,
அணைந்தன,
மறுபடி எரிவதற்குள் அது போய்விட்டிருந்தது.
இருநூற்றுப் பதினெட்டு.
பதினோராம் காற்றாலை: பதினாறு சுற்று.

டெல்பின் இரண்டு நிரல்களையும் ஒருதடவை பார்த்து
"நடுவுல சேர்க்காதே லே" என்று
குறிப்புரையில் தட்டினாள், பிறகு
அழித்துவிட்டு மரியாதையாக எழுதினாள்.
பழையதை நாங்கள் இன்னும் அணைக்கவில்லை.