இடைக்குறை

அரசரடிச் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிற
எபனேசர் தங்கையா
ஈஸ்டர் ஒத்திகையில், மூன்றாம் பாட்டின் நடுவே
ஸ்டூலிலிருந்து சரிந்தாராம்.
முதலில் விழுந்தது சிம்பல்தான் என்றார் கூட வந்தவர்,
அதற்கே அதிகம் வருந்தியவர் போல.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி.
இ.சி.ஜி. அறை. மின்விசிறி ஒன்றரை.
நெஞ்சில் ஜெல் தடவும்போது கேட்டார்:
"சீட்டுல என்னம்மா எழுதியிருக்கு?"
"சிங்கோபி, சார். மயக்கம்."
சிரித்தார். ஒயர்கள் ஆடின. கோடு கிறுக்கியது.
"அசையாதீங்க."
"முப்பது வருசமா அதைத்தான் சொல்லித் தர்றேன்.
சிங்கோபேஷன்.
இப்ப எனக்கே பீஸ் கட்டச் சொல்றாங்களா?"

அடி விழ வேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு
கொஞ்சம் முந்தியோ பிந்தியோ அடிப்பதாம்.
சனம் தலையாட்டுவது
அந்தச் சும்மா இடத்தில்தானாம்.
கிரேக்கச் சொல். சேர்த்து வெட்டுவது.
"வெட்டுறதுக்கும் அடிக்கிறதுக்கும்
அங்க ஒரே வார்த்தைம்மா."

இங்கே மட்டும் என்ன.
அடி என்றால் உதை,
அடி என்றால் பாதம்,
அடி என்றால் பாட்டில் ஒரு வரி.
நரிமேட்டுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில்,
மங்கையற்கரசி டீச்சர்
கரும்பலகையில் 'யாவர்' என்று எழுதி
நடுவிலிருந்த வ-வை
உள்ளங்கையால் துடைத்தார்.
யார்.

"இடைக்குறை," என்றேன்.
"நடுவெழுத்து போனாலும் சொல் நிக்கும், சார்."
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.
கட்டில் கம்பியில் அதைத் தட்டினார்,
அழுத்தக் கூடாத எழுத்தில் அழுத்தி.
கோட்டை வாசலில் யவனர் காவல் நின்ற காலத்தில்
இந்த இரண்டு சொல்லும்
ஒரே கடையில் கள் குடித்திருக்கலாம்.

தாள் ஓடிக்கொண்டிருந்தது.
குன்று, குன்று, குன்று,
அப்புறம் சமவெளி.

கம்பியில் அவர் விரல் பாதியில் நின்றது.
என் விரலும்.

பிறகு ஒரு குன்று.
பிறகு எண்ணினேன்: பதினாறு பெரிய கட்டம்.
மூன்று விநாடிக்கும் மேலே.
அவர் முகம் வியர்த்திருந்தது.
"எந்த இடத்துல விட்டேன்?" என்றார்.

பேஸ்மேக்கர் வைக்கணும் என்று சொல்லிவிட்டு
டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.
கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார்,
சுற்றாத அரை விசிறியை.
"அந்த மெஷினு நேர்த்தாளம் மட்டும்தான் போடுமா?"
"இல்ல சார். அது காத்துக்கிட்டிருக்கும்.
நீங்க விட்டாத்தான் அது அடிக்கும்."
யோசித்தார்.
"பரவாயில்ல. எங்க பேஸ் கிடார்காரனுக்கு
அந்த அறிவு இல்ல."

ஷிப்ட் முடிந்து ஏ.வி. பாலத்தில் நடந்தேன்.
வைகையில் தண்ணீர் இல்லை.
மணல், முள், நாலு எருமை,
யாரோ காயப்போட்ட போர்வைகள்.
கரை இரண்டும் ஆறு என்றே சொல்லிக்கொண்டிருந்தன.
பாலத்தின் நடுவில், வேண்டுமென்றே,
ஓர் அடி வைக்காமல் நின்று பார்த்தேன்.

பின்னால் வந்த பால்கேன் இடித்தது.